மூச்சை அடகு வைக்காத மாரத்தான்

ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனின் கிரீனிச், பிளாக்ஹீத் பகுதிகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடுவதற்காகத் திரள்கிறார்கள். முதலிடத்துக்காகப் போட்டி போட வந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. மற்றவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் அணிந்திருக்கும் பனியனே சொல்லிவிடும். புற்றுநோய் ஆராய்ச்சி, குறைமாதக் குழந்தைகள், மனநலம், வீடற்றோர், நுரையீரல் நோய் என்று பலவற்றுக்காகவும் பாடுபடும் அறக்கட்டளைகளின் பெயர்கள் அந்தப் பனியன்களில் இருக்கும். இடுப்பில் கட்டிய சின்னப் பையில் எனர்ஜி ஜெல்லும் செல்போனும் இருக்கும். சிலருடைய பையில் கூடவே ஒரு நீல நிற இன்ஹேலரும் இருக்கும்.

ஆஸ்துமா இருப்பவர் 42.195 கிலோமீட்டர் ஓடுவதா என்று நம்மில் பலர் திகைப்போம். வீசிங் வரும் பிள்ளையை ஓடியாட விடாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். பள்ளியில் பி.டி. பீரியட் வந்தால் அந்தப் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருக்கும். வளர்ந்த பிறகும் அந்தப் பயம் போவதில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால்கூட, ‘நமக்கெல்லாம் எதற்கு இது?’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் ஓடலாம், மாரத்தானும் ஓடலாம் என்கிறது மருத்துவம். இந்த வாக்கியத்தின் முன்பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமாவோடு ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மனவலிமையையும் விடாமுயற்சியையும் புகழ்வது வழக்கமாகிவிட்டது. அவர்களை ஓட வைப்பதில் பெரும்பங்கு தினமும் தவறாமல் எடுக்கும் மருந்துக்கும், நாள்தோறும் எழுதி வைக்கும் அளவுகளுக்கும், ஓடக் கூடாத நாளில் ஓடாமல் இருக்கும் நிதானத்துக்கும் உண்டு.

ஓட்டம் நிதியான கதை

லண்டன் மாரத்தானைத் தொடங்கியவர்கள் கிறிஸ் பிராஷர், ஜான் டிஸ்லி என்ற இரண்டு நண்பர்கள். பிராஷர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தங்கம் வென்றவர். டிஸ்லி அதே போட்டியில் 1952 ஹெல்சின்கியில் வெண்கலம் வென்றவர். 1979-ல் நியூயார்க் மாரத்தானில் ஓடிய இருவரும், சாதாரண மக்கள் தெருவை நிறைத்து ஓடுவதையும் ஊரே திரண்டு கைதட்டுவதையும் பார்த்து, இது நம் ஊரிலும் நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1981 மார்ச் 29 அன்று முதல் ஓட்டம் நடந்தது. அமெரிக்காவின் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயின் இங்கே சிமன்சனும் கைகோத்தபடி எல்லைக்கோட்டைக் கடந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்று அது ஒரே நாளில் உலகிலேயே மிக அதிகமாக நன்கொடை திரட்டும் ஆண்டு நிகழ்வாக வளர்ந்திருக்கிறது. 1981 முதல் இதுவரை திரண்ட தொகை நூறு கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. 2025-ல் மட்டும் 8 கோடியே 73 லட்சம் பவுண்ட் சேர்ந்தது.

இதன் ஏற்பாடு எளிமையானது. குலுக்கலில் இடம் கிடைப்பது அபூர்வம் என்பதால், அறக்கட்டளைகள் முன்கூட்டியே இடங்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்கின்றன. ‘உங்களுக்காக இவ்வளவு நிதி திரட்டித் தருகிறேன்’ என்று உறுதி கொடுப்பவருக்கு அந்த இடம் போகும். உறுதித் தொகை பெரும்பாலும் 2,000 பவுண்டை ஒட்டியிருக்கும். ஓட்டக்காரர் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, தான் ஏன் ஓடுகிறேன் என்று எழுதுவார். உறவினர், அலுவலக நண்பர்கள், தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் பத்து, இருபது பவுண்டாகப் போடுவார்கள். வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ‘கிஃப்ட் எய்ட்’ என்ற திட்டத்தின் கீழ் 25 பென்ஸை அரசிடமிருந்து அறக்கட்டளை கேட்டுப் பெறலாம். ஸ்டீவ் சாக் என்ற பிரிட்டிஷ் பாதிரியார் 2011-ல் ஒற்றை மாரத்தான் மூலம் இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் காட்டினார்.

இந்த அறக்கட்டளைகளில் ஒன்று ‘ஆஸ்துமா அண்ட் லங் யு.கே.’ ஆஸ்துமாவுக்காக இயங்கிய ஓர் அமைப்பும் நுரையீரல் நோய்களுக்காக இயங்கிய இன்னோர் அமைப்பும் 2020-ல் ஒன்றாகி, பிறகு இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டன. ஆராய்ச்சிக்கு நிதி, நோயாளிகளுக்குத் தொலைபேசி ஆலோசனை, காற்று மாசுக்கு எதிரான பிரசாரம் ஆகியவை அதன் வேலைகள். இதற்காக ஓட வருபவர்களில் பலர் தாங்களே ஆஸ்துமாக்காரர்கள், அல்லது வீட்டில் ஒருவரை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்கள்.

உலக சாதனையும் ஓர் இன்ஹேலரும்

2003 ஏப்ரல் 13 அன்று இதே லண்டன் தெருக்களில் பௌலா ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயப் பெண் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் மாரத்தானை முடித்தார். அதுவரை பெண்களுக்கான உலக சாதனையாக இருந்ததும் அவருடையதுதான். சிகாகோவில் ஆறு மாதம் முன்பு அவர் எடுத்த 2:17:18-ஐ அன்று அவரே ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைத்தார். கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் 2019-ல் முறியடிக்கும்வரை, பதினாறு ஆண்டுகள் அந்த நேரத்தை எந்தப் பெண்ணாலும் தொட முடியவில்லை.

பௌலாவுக்கு 14 வயதிலேயே உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா இருப்பது கண்டறியப்பட்டது. அதை அவர் மறைத்ததே இல்லை. இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்தியதையும், ஓட்டத்துக்கு முன் உடலை மெதுவாகச் சூடேற்றியதையும் வெளிப்படையாகப் பேசி வந்திருக்கிறார்.

எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசியும் ஆஸ்துமாக்காரர்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடுவதற்கு அவரே முதன்மை வேட்பாளர். பெய்ஜிங்கின் மாசுபட்ட காற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடும் வேகத்தில் ஓடுவது தன் நுரையீரலுக்குக் கேடு என்று சொல்லி மாரத்தானிலிருந்து விலகினார். தூரம் குறைந்த 10,000 மீட்டரில் மட்டும் ஓடி ஆறாவதாக வந்தார். பயந்துவிட்டார் என்று பேசியவர்களும் உண்டு. சில வாரங்களில், செப்டம்பர் 28 அன்று, பெர்லினின் தூய காற்றில் 2:03:59 ஓடினார். 2 மணி 4 நிமிடத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் மனிதர் அவர்தான். ஓட்டத்திலிருந்து விலகியதும் அவருடைய திறமையில் ஒரு பகுதி என்பதை அந்த நேரம் நிரூபித்தது.

இவர்கள் இருவரும் விதிவிலக்கல்ல. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு முன்பு அமெரிக்க அணியில் 597 வீரர்களைப் பரிசோதித்தபோது, 67 பேருக்கு உடற்பயிற்சியின்போது மூச்சுக்குழாய் சுருங்கும் சிக்கல் இருந்தது. அந்த 67 பேரும் சேர்ந்து 41 பதக்கங்கள் வென்றார்கள்.

ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் நாள்பட்ட அழற்சி. குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்து, எதைத் தொட்டாலும் சிணுங்கும் நிலையில் இருக்கிறது. தூசி, புகை, மகரந்தம், சளிக் காய்ச்சல், கடுங்குளிர் என ஏதாவது ஒன்று தூண்டினால் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், வழி குறுகும். அப்போது வரும் விசில் சத்தத்தைத்தான் நாம் வீசிங் என்கிறோம், இரைப்பு என்கிறோம், இழுப்பு என்கிறோம்.

ஓட்டமும் ஒரு தூண்டுகோல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றைத்தான் இழுக்கிறார். ஓடும்போது அது 60 லிட்டர், 80 லிட்டர், வேகமாக ஓடுபவர்களுக்கு 100 லிட்டருக்கு மேலும் போகும். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், நாலரை மணி நேரத்தில் மாரத்தானை முடிக்கும் ஒரு சராசரி ஓட்டக்காரர் 16,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுத்திருப்பார். ஓய்வாக இருக்கும் மனிதருக்கு ஒன்றரை நாளுக்கு வேண்டிய காற்று அது.

அவ்வளவு காற்றை மூக்கால் மட்டும் இழுத்து முடியாது. வாய் திறந்துகொள்ளும். மூக்கு வழியாகப் போகும் காற்று வழியிலேயே சூடாகி, ஈரமாகி, தூசி வடிகட்டப்பட்டு உள்ளே போகிறது. வாய் வழியாகப் போகும் காற்றுக்கு அந்தப் பதப்படுத்தல் முழுமையாகக் கிடைப்பதில்லை. வறண்ட காற்று வேகமாக உள்ளே போய் வரும்போது, காற்றில் போட்ட ஈரத்துணி காய்வதைப் போல மூச்சுக்குழாயின் உட்சுவர் ஈரத்தை இழக்கிறது. அங்குள்ள திரவத்தில் உப்பின் அடர்த்தி கூடுகிறது. அதனால் மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்பு அணுக்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரீன் போன்ற ரசாயனங்களைக் கொட்டுகின்றன. தசை இறுகுகிறது. இந்த விளக்கத்தை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் சிட்னியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சாண்ட்ரா ஆண்டர்சன்.

பெரும்பாலும் இறுக்கம் உச்சத்தை அடைவது ஓட்டம் நின்ற பிறகு, ஐந்து முதல் இருபது நிமிடத்துக்குள். அதனால்தான் ‘நல்லாத்தானே ஓடினான், நின்னதும் இப்படி ஆயிடுச்சே’ என்று வீட்டில் இருப்பவர்கள் குழம்புகிறார்கள். இன்னொரு விந்தையும் உண்டு. ஒருமுறை இறுகித் தளர்ந்த மூச்சுக்குழாய், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் அவ்வளவு எளிதில் மறுபடி இறுகுவதில்லை. ஓட்டத்துக்கு முன்பு பத்துப் பதினைந்து நிமிடம், மெதுவாகவும் இடையிடையே சற்று வேகமாகவும் ஓடி உடலைச் சூடேற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஓடும்போது வரும் மூச்சுத்திணறல் எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது. சிலருக்கு உச்ச வேகத்தில் குரல்வளை குறுகிக்கொள்ளும். அவர்களுக்குச் சத்தம் மூச்சை இழுக்கும்போது வரும், தொண்டையில் வரும், நின்ற சில நிமிடங்களில் தானாகவே அடங்கும், இன்ஹேலருக்கு மசியாது. ரத்தசோகை, இதயக் கோளாறு ஆகியவையும் மூச்சு வாங்க வைக்கும். எனவே ஊகத்தில் இன்ஹேலர் வாங்கக் கூடாது, ஊகத்தில் அதை விடவும் கூடாது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையும், தேவைப்பட்டால் ட்ரெட்மில்லில் ஆறு முதல் எட்டு நிமிடம் ஓடவைத்து மறுபடி ஊதச் சொல்லும் சோதனையும் இருக்கின்றன. முதல் வினாடியில் வெளியேறும் காற்றின் அளவு, ஓடிய பிறகு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று மருத்துவர் முடிவுக்கு வருவார்.

நீலமும் பழுப்பும்

1955-ல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவரிடம் அவருடைய 13 வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு ஆஸ்துமா. ரப்பர் குமிழை அமுக்கிக் கண்ணாடிக் குழாய் வழியாக மருந்தை இழுப்பதில் அலுத்துப்போயிருந்த அவள், ‘தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தர முடியாதா?’ என்றாள். அடுத்த ஆண்டே அளவாக மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலர் கடைகளுக்கு வந்துவிட்டது. 1969-ல் சால்பூட்டமாலும், சில ஆண்டுகளில் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரும் வந்தன. இன்றும் ஆஸ்துமா சிகிச்சை இந்த இரண்டு வகை மருந்துகளின் மேல்தான் நிற்கிறது.

நீல இன்ஹேலர், அதாவது சால்பூட்டமால், நிவாரணி. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. பிரிட்டனில் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் வரும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தடுப்பு மருந்து. அது உடனே எதையும் செய்யாது. நாள்தோறும் எடுத்தால் வாரக்கணக்கில் அழற்சியை அடக்கும். நீலம் உடனே சுகம் தருவதால் எல்லோரும் அதை நம்புகிறார்கள். பழுப்பு எதையும் உணர வைக்காததால் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமா மரணங்களில் பலவும் தொடங்குவது இங்கேதான். ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ நிவாரணி டப்பாக்களைத் தீர்ப்பவருக்குக் கடும் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு எச்சரிக்கிறது. வெறும் நிவாரணியை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்யவே கூடாது என்று 2019-லேயே அது சொல்லிவிட்டது. ஸ்டீராய்டும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டிரோலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, தடுப்புக்கும் நிவாரணத்துக்கும், ஓட்டத்துக்கு முன்பும் பயன்படுத்தும் முறையைத்தான் இப்போது முன்வைக்கிறது.

‘இன்ஹேலர் எடுத்தா பழகிடும், மாத்திரையே போதும்’ என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கணக்கு நேர்மாறாக இருக்கிறது. சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் இருப்பது நாற்பது மடங்கு. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, கடைசியில்தான் நுரையீரலுக்குப் போகிறது. இன்ஹேலர் மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது.

சரியாக எடுத்தால்தான் அப்படிப் போகும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இடைவெளி இல்லாமல் பொத்தி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அமுக்கி, ஆழமாக இழுத்து, பத்து வினாடி அடக்கி, பிறகு விட வேண்டும். ஸ்பேசர் குழாய் பொருத்தினால் அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேப்சூலை உடைத்து இழுக்கும் ரோட்டாஹேலர் என்றால் முறை மாறும். அதில் மெதுவாக இழுக்கக் கூடாது, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குரல் கம்முவதும் குறையும்.

இன்ஹேலர் ஊக்கமருந்து ஆகிவிடாதா என்ற கேள்வியும் வரும். அதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் முதலாவதாக வந்தவர் 16 வயது அமெரிக்கச் சிறுவன் ரிக் டிமான்ட். அவன் எடுத்துவந்த ஆஸ்துமா மாத்திரையில் தடைசெய்யப்பட்ட எஃபிட்ரின் இருந்தது. மருந்தை அவன் முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தும், பெரியவர்கள் அதை உரிய இடத்தில் சேர்க்கவில்லை. தங்கம் பறிக்கப்பட்டது. அந்தத் தகவலைக் கையாண்டதில் தவறு நடந்ததை அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி 2001-ல்தான் ஒப்புக்கொண்டது. இன்றைய விதிகள் தெளிவானவை. இன்ஹேலர் வழி ஸ்டீராய்டுக்குத் தடை இல்லை. சால்பூட்டமால் இன்ஹேலரை 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமுக்கு மிகாமலும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கு மிகாமலும் எடுக்கலாம்.

காலையில் ஊதும் எண்

மாரத்தான் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வாரங்கள் நீளும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம், அது படிப்படியாக 30, 32 கிலோமீட்டர் வரை ஏறும். ஆஸ்துமாக்காரருக்குத் திட்டம் அதற்கும் முன்பே, நெஞ்சக நோய் மருத்துவரின் அறையில் தொடங்க வேண்டும். கடந்த நான்கு வாரங்களில் பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இரைப்பு வந்ததா, இரவில் இருமலோ இரைப்போ எழுப்பியதா, நிவாரணி வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா, நோயால் ஏதாவது வேலையைத் தவிர்த்தீர்களா என்ற நான்கு கேள்விகளை அவர் கேட்பார். நான்குக்கும் ‘இல்லை’ என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முதலில் சிகிச்சையைச் சீராக்க வேண்டும், ஓட்டம் பிறகு.

அடுத்த துணை பீக் ஃப்ளோ மீட்டர். கையடக்கமான பிளாஸ்டிக் குழாய், மேலே எண்கள், நடுவே நகரும் சிவப்பு முள். முள்ளைக் கீழே தள்ளி, நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் பலம் முழுவதும் கொடுத்து ஊத வேண்டும். முள் ஓடி ஓர் எண்ணில் நிற்கும். மூன்று முறை ஊதி, உயர்ந்ததை நோட்டில் குறிக்க வேண்டும். நோய் நன்றாக அடங்கியிருக்கும் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதினால், ‘என்னுடைய சிறந்த எண்’ எது என்று தெரிந்துவிடும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் வரும் நாள் பச்சை, ஓடலாம். 50-க்கும் 80-க்கும் இடையில் வந்தால் மஞ்சள். மருத்துவர் எழுதிக் கொடுத்த செயல்திட்டப்படி மருந்தைச் சரிசெய்ய வேண்டும், ஓட்டம் வேண்டாம். 50-க்குக் கீழே சிவப்பு, உடனே மருத்துவ உதவி. உடம்பு ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லும் காலையிலும், இந்தக் குழாய் உண்மையைச் சொல்லிவிடுவதுண்டு.

ஓடும் வேகத்துக்கு எளிய சோதனை, பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது. முடியாவிட்டால் வேகம் அதிகம். சில நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று மாற்றி மாற்றிப் போகும் முறையை ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் எழுபதுகளில் பரப்பினார். மூச்சு சீராக நேரம் கிடைப்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சளி பிடித்தால் முழுவதும் குணமாகும்வரை ஓய்வுதான், பந்தயத்துக்கு இரண்டு வாரமே இருந்தாலும்.

இப்படிப் பயிற்சி செய்வது நோய்க்கும் நல்லது. ஆஸ்துமாக்காரர்களின் உடற்பயிற்சி குறித்த பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2013-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சி அவர்களுடைய உடல் தாங்குதிறனைக் கூட்டுகிறது, நோயைத் தீவிரப்படுத்துவதில்லை என்று கண்டது. தாங்குதிறன் கூடினால் அதே வேலைக்குக் குறைந்த மூச்சே போதும்.

காற்றைப் பார்த்து ஓடு

லண்டன் ஏப்ரலில் குளிரும் மரங்களின் மகரந்தமும் எதிரிகள். குளிர்நாளில் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடி ஓடினால் காற்று கொஞ்சம் ஈரமாகிப் போகும். டெல்லியில் எதிரி வேறு. 2017 நவம்பரில் நகரத்தைப் புகைமூட்டம் சூழ்ந்தபோது, அங்கே நடக்கவிருந்த அரை மாரத்தானைத் தள்ளிவைக்கச் சொல்லி இந்திய மருத்துவச் சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது. ஓட்டம் நடந்தது, பலர் முகமூடியோடு ஓடினார்கள். சென்னையின் ஈரக்காற்று மூச்சுக்குழாயை உலர்த்துவதில்லை என்பது ஒரு நன்மை. ஆனால் வெப்பமும் வாகனப் புகையும் உண்டு. விடிவதற்கு முன்பு, பெரிய சாலையை விட்டு விலகி, செயலியில் காற்றின் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு ஓடுவது நல்லது.

ஓட்ட நாளில் இன்ஹேலர் உடம்போடு இருக்க வேண்டும், பொருள் பாதுகாப்பகத்தில் கொடுத்த பையில் இருந்து பயனில்லை. எண் அட்டையின் பின்பக்கம் நோய், மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுத வேண்டும். இரைப்பு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. நீல இன்ஹேலரை 30 முதல் 60 வினாடிக்கு ஒரு பஃப் வீதம், பத்து பஃப் வரை எடுக்கச் சொல்கிறது ஆஸ்துமா அண்ட் லங் யு.கே. அதற்கும் அடங்காவிட்டால், அல்லது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே ஆம்புலன்ஸ். நம் ஊரில் 108.

நன்கொடை என்னும் அழுத்தம்

தனக்காக மட்டும் ஓடுகிறவர் ஒரு நாள் சரியில்லை என்றால் வீட்டில் இருந்துவிடுவார். அறக்கட்டளைக்காக ஓடுகிறவருக்கு அது எளிதல்ல. இருநூறு பேர் பணம் போட்டிருக்கிறார்கள். அலுவலகப் பலகையில் படம் ஒட்டியிருக்கிறது. இறந்துபோன அண்ணன் பெயர் பனியனில் இருக்கிறது. இந்த நிலையில் காலையில் ஊதிய எண் மஞ்சளில் நின்றால், மருந்தை இரண்டு பஃப் கூடுதலாக அடித்துக்கொண்டு தொடக்கக் கோட்டுக்குப் போய்விடத் தோன்றும். ஆஸ்துமாவோடு நிதி திரட்டுபவர்களின் மிகப் பெரிய ஆபத்து இந்த நல்ல எண்ணத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

அறக்கட்டளைகளும் நன்கொடையாளர்களும் இதில் கைகொடுக்க முடியும். ‘என்ன ஆனாலும் முடிச்சிடு’ என்று உற்சாகப்படுத்துவதை விட, ‘முடியாவிட்டால் அடுத்த வருஷம் ஓடலாம், என் பணம் அங்கேயே இருக்கட்டும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஓடுபவரும் தன் நிதிப் பக்கத்தில் முதல் நாளே எழுதிவிடலாம்: எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, மருத்துவர் வேண்டாம் என்ற நாளில் நான் ஓட மாட்டேன். அந்த நேர்மையே நோயைப் பற்றிய ஒரு நல்ல பாடம். பார்ப்பவர்களுக்கும் மருந்தின் அவசியம் அதிலிருந்து புரியும்.

இந்தப் பாடம் நமக்கு அவசரமாகத் தேவை. உலகில் 2019-ல் சுமார் 26 கோடி பேருக்கு ஆஸ்துமா இருந்தது, 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் மூன்று கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இங்கே இருக்கிறார், ஆனால் ஆஸ்துமா மரணங்களில் ஐந்தில் இரண்டு இங்கே நடக்கின்றன. நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதும், ஸ்டீராய்டு இன்ஹேலர் போதுமானவர்களுக்குப் போய்ச் சேராததும் அதற்கு முக்கியமான காரணங்கள்.

நிதிக்காக ஓடும் பழக்கம் நம்மிடமும் வேர்விட்டுவிட்டது. 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான் நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகளுக்குக் கோடிக்கணக்கில் திரட்டுகிறது. 2013-ல் தொடங்கிய கோவை மாரத்தான் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காகவே நடக்கிறது. சென்னையின் ஜனவரி மாரத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் கடற்கரைச் சாலைக்கு இழுக்கிறது. அந்த வரிசையில் மூச்சுக்காகவும் ஓர் ஓட்டம் நடக்கலாம். அரசு மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவுகளுக்குப் பீக் ஃப்ளோ மீட்டரும் ஸ்பேசரும் வாங்கித் தரவும், பள்ளிகளில் இன்ஹேலர் எடுக்கும் முறையை உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரவும் பெரிய தொகை தேவைப்படாது.

வீட்டில் ஆஸ்துமா இருக்கும் யாராவது ஓட ஆசைப்பட்டால், தடுக்காதீர்கள். புது ஷூ வாங்குவதற்கு முன்பு அவரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். ஸ்பைரோமெட்ரி செய்து பாருங்கள். இன்ஹேலர் எடுக்கும் முறையை மருத்துவர் எதிரிலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற செயல்திட்டத்தை எழுதி வாங்குங்கள். அதன் பிறகு, முதல் வாரம் ஒரு கிலோமீட்டர் அவருடன் நீங்களும் சேர்ந்து ஓடுங்கள்.